கழுவக் கூடாத கற்கள்

போன கிழமை மழை விட்டபின் சுகாதாரப் பகுதியினர் வந்து எங்கள் கிணற்றுக்குப் பிளீச்சிங் தூள் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த மணம் முற்றம் முழுக்க நின்றது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கிணற்றடியிலேயே நின்றேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் உங்களை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவேன். நீங்கள் ஆய்வுகூட உதவியாளர், நான் விலங்கியல் ஆசிரியை. நம் இரண்டு பெண்களுக்கும் ஒரே வயது என்பதுகூட உங்கள் மகளின் பூப்புனித நீராட்டு விழாவில்தான் எனக்குத் தெரியவந்தது. இன்று ‘நீங்கள்’ என்று எழுதக் கை தானாகவே போகிறது.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிக் கண்டாவளைப் பக்கம் காணி வெட்டிக் குடியேறிய குடும்பம் உங்களுடையது. பள்ளிக்கூடத்தில் உங்களுக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதற்கு அதிபர் கடிதம் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தீர்கள்.

அந்த மீன்தொட்டி வந்தது அப்போதுதான். கிளிநொச்சியில் ஒரு கடைக்காரர் முகப்பை மாற்றியபோது கழற்றிய தடித்த கண்ணாடிகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். எட்டடி நீளத்தில் தொட்டி கட்டினோம். குளத்திலிருந்து கெண்டை, கெளிறு, விரால், ஜப்பான் மீன் என்கிற திலாப்பியா எல்லாம் பிள்ளைகள் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கிழமையில் தண்ணீர் பச்சைக் களியாகிவிட்டது.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. அதிலுள்ள படத்தைக் காட்டினேன். தொட்டியின் அடியில் துளைத் தட்டு, அதன்மேல் கல், காற்றுப் பம்பு ஒன்று தண்ணீரைக் கல்லினூடாக இழுக்கும். நீங்கள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

“இதுக்கு எந்நேரமும் கரண்டு இருக்கணும்ல டீச்சர்? இங்க கரண்டு நம்ம சொன்னபடியா கேக்குது?”

“அப்ப என்ன செய்யிறது?”

“எங்க தோட்டத்து ஃபாக்டரியில பீப்பாயில வடிகட்டுவாங்க. மேல இருந்து ஊத்துனா தானா இறங்கி வரும். கரண்டு இருந்தா மோட்டர், இல்லாட்டி வாளி.”

எனக்குப் புத்தகத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. நான்கு நாள் விவாதித்தோம். ஐந்தாம் நாள் பிற்பகல் முழுக்க மின்சாரம் போனது. நான் பீப்பாய் தேடப் போனேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் உயரமான மரத்தாங்கியில் பீப்பாயை ஏற்றினோம். அடியில் கூழாங்கல், அதன்மேல் சிரட்டைக்கரி, பிறகு ஆற்று மணல், எல்லாவற்றுக்கும் மேலே தேங்காய்த் தும்பு. கீழே தொட்டிக்குத் திரும்பும் ஒரு குழாய். மூன்று கிழமை கழிந்தபின் தொட்டியின் மறுபக்கத்தில் நிற்பவரின் சட்டைப் பூவை எண்ணலாம் போலத் தண்ணீர் தெளிந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள்.

கழுவும் முறையில் நீங்கள் கண்டிப்பு. ஒரு தடவைக்கு ஒரு அடுக்குத்தான். தும்பைக் கழுவினால் அந்த மாதம் கல்லைத் தொடக்கூடாது. கழுவுவதும் தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரில்தான். “அந்த வழவழப்புப் போகக் கூடாது டீச்சர், அதுதான் வேல செய்யுது” என்பீர்கள். அந்த வழவழப்பில் இருக்கும் பற்றீரியாதான் மீனின் கழிவிலுள்ள நச்சு அமோனியாவைத் தீங்கற்றதாக மாற்றுகிறது என்று கரும்பலகையில் நைதரசன் வட்டம் வரைந்து படிப்பித்தவள் நான். படிப்பித்தேனே தவிர, அது என் தலைக்குள் போகவில்லை.

நீங்கள் பிரசாவுரிமைப் பத்திரத்துக்காக வவுனியாவுக்குப் போன இரண்டு நாளில் அது நடந்தது. கல்விப் பணிமனையில் இருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. பீப்பாயைத் திறந்து பார்த்தேன். ஒரே அழுக்கு. அவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கல், மணல், தும்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பிளீச்சிங் தூள் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, திருப்பி அடுக்கினேன். வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் தண்ணீர் பால்போல வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கெண்டையும் ஜப்பானும் முதலில் மிதந்தன. நான்கு நாளில் இரண்டு விராலும் ஒரு கெளிறும்தான் மிச்சம்.

பீப்பாய் உங்கள் பொறுப்பு என்பதால் அதிபர் ஆசிரியர் அறைக்கு உங்களைக் கூப்பிட்டார்; கழுவியது எந்த நாள் என்று அவர் விசாரிக்கவில்லை. நாங்கள் பதினொரு பேர் இருந்தோம்.

“என்னத்தைப் போட்டு அதைக் கழுவினனீர்? பிளீச்சிங் மணக்குது!”

நீங்கள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு தரையைப் பார்த்து, “தப்புத்தான் சார்” என்றீர்கள். ஆய்வுகூடச் சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டு உங்களைப் பள்ளிக்கூட வளவு கூட்ட அனுப்பினார். என் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லுவம் என்று ஐந்து நாள் நினைத்தேன்.

ஆறாம் நாள் பள்ளி விட்டபின் பின்கதவால் வந்தீர்கள். தலையில் ஒரு சாக்கு. குளத்து மதகான துருசடியில் பாசியும் வழவழப்புமாகக் கிடந்த கற்களைப் பொறுக்கி வந்திருந்தீர்கள்.

“கதவத் தொறங்க டீச்சர். ரெண்டு பேரும் பேசாம இருந்தா அந்த மிச்ச மீனுக்கு யாரு பேசுறது?”

இருவரும் சேர்ந்து அந்தக் கற்களைப் பீப்பாயில் பரப்பினோம். அரைவாசித் தண்ணீரை மாற்றினோம். என்மேல் கோபம் இல்லையா என்று கேட்க நினைத்தேன். தும்பைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் அதிபரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னேன். “இதை ஏன் ரீச்சர் அண்டைக்கே சொல்லேல்லை?” என்றார். சாவி உங்களிடம் திரும்பி வந்தது. அந்த வருட முடிவில் நிரந்தரமாக்கும் கடிதமும் வந்தது. தொட்டியில் மறுபடி கெண்டை நீந்தியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சரியாகவில்லை. உங்களைத் திட்டியது பதினொரு பேர் முன்னால். நான் உண்மையைச் சொன்னது ஒருவரிடம், அதுவும் சாத்திய கதவுக்குள். அந்தப் பத்துப் பேருக்கும் மீனைக் கொன்றவர் நீங்கள்தான். அதைத் திருத்த எனக்குப் பல வருடம் இருந்தது. யுத்தம், இடப்பெயர்வு என்று காரணம் சொல்லலாம். நாங்கள் ஒன்றாக வேலை செய்த காலம் முழுக்க ஆசிரியர் அறை அங்கேயேதான் இருந்தது.

உங்கள் கருமாதி வீட்டுக்கு வந்திருந்தேன். பழைய கணித ரீச்சரும் வந்திருந்தா. படத்தைப் பார்த்துவிட்டு, “பாவம், நல்ல மனுசி. ஞாபகமே, எங்கட மீனெல்லாத்தையும் பிளீச்சிங் போட்டுச் சாகடிச்சவா?” என்று சிரித்தா. அவவிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

நான் கதிரையை விட்டு எழும்பினேன். “இல்லை. அண்டைக்குக் கல்லுக் கழுவினது நான். அவா வவுனியாவில நிண்டவா. எனக்காகத்தான் பேசாமல் இருந்தவா.” பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

உங்கள் மகள் தேநீர்த் தட்டோடு நின்றாள்.

“அம்மா எங்ககிட்ட அந்த மீன் கதய நெறய தடவ சொல்லியிருக்காங்க டீச்சர். கரண்டு போயித்தான் செத்துச்சுன்னு சொல்லுவாங்க.”

நம் பீப்பாய்க்கு மின்சாரம் தேவையில்லை என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? பெற்ற பிள்ளைகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் போய்விட்டீர்கள். நான் மன்னிப்புக் கேட்டிருந்தால், “அத விடுங்க டீச்சர்” என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பீர்கள். அதைக் கேட்க ஒருநாளும் நான் வரவில்லை. விடச் சொல்ல நீங்கள் இல்லாததால், அதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.