பெயரில்லாத பட்டன்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கண்ணுக்குச் சொட்டு மருந்து வேளை தவறாமல் விட்டுக்கொள்கிறீர்களா? அம்மாவின் முழங்கால் தேவலையா? நான் நலம். இதையும் உங்கள் போன்தான் படித்துச் சொல்லும் என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

வெப்சைட் செய்கிறவர்களின் மாநாட்டுக்கு ஆபீஸிலிருந்து நான்கு பேர் வந்திருக்கிறோம். ஆஸ்பத்திரிக்காக நான் செய்த பக்கத்தை நேற்று மேடையில் காட்டினேன். நல்ல கைதட்டல். அப்போது பார்வையில்லாத ஒருவர் எழுந்து, "திரையை அணைச்சிட்டு, கம்ப்யூட்டரையே வாய்விட்டுப் படிக்க விடுங்களேன்" என்றார்.

விட்டேன். "பட்டன். பட்டன். பட்டன்." அவ்வளவுதான் வந்தது. அழகழகாகப் படம் போட்ட நான், கம்ப்யூட்டர் படிப்பதற்கு ஒரு பட்டனுக்கும் பெயர் எழுதவில்லை.

"இதுல டாக்டரைப் பார்க்கப் பதிவு பண்றது எது, ரத்து பண்றது எதும்மா?" என்று கேட்டார். முந்நூறு பேர் முன்னால், திரையை மறுபடி போட்டுப் பார்த்துத்தான் சொன்னேன். முன்வரிசையில் மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

பயப்படாதீர்கள், வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் கூட வந்தவர்கள் சொல்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் யாரும் என் மேஜைக்கு வரவில்லை.

போன மாதம் நீங்களும் உங்கள் போனைப் பற்றி, "பட்டன் பட்டன்னுதாம்மா சொல்லுது, எதுன்னு தெரியல" என்றீர்கள். "சரியா அழுத்துங்கப்பா" என்று எரிந்து விழுந்தேன். இனி போன் அப்படிச் சொன்னால் உடனே என்னைக் கூப்பிடுங்கள். சொல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

மேனேஜர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார், போகிறேன்.

நீங்கள் சரியாகத்தான் அழுத்தினீர்கள், அப்பா.

உங்கள் மகள்