முதல் குடம்

செவ்வாய், இரவு.

ஊர்க் கிணற்றில் கார்டைக் காட்டினால் தண்ணீர் ஊற்றும் மெஷின் இன்று ஓட ஆரம்பித்தது. இத்தனை வருஷமும் மோட்டார் ரூம் சாவி மேலத்தெருவில்தான். அவர்கள் பிடித்து முடித்த பிறகே எங்கள் தெருவுக்கு.

இன்று முதல் ஆள் என் மாமியார். கார்டைக் காட்டினார். அந்நேரம் பார்த்து மேலத்தெருக்காரம்மா குடத்தோடு வரவும், பழைய பழக்கத்தில் சட்டென்று ஒதுங்கிவிட்டார். தண்ணீர் தரையில் கொட்டுகிறது. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"அத்தே, அது ஒங்க தண்ணி! கொடத்த வைங்க!"

வைத்தார். நிறைகிறவரை நகரவில்லை. அந்தம்மா பின்னால் நின்றது.

அப்புறம் அத்தையை நிறுத்த முடியவில்லை. ஏழு நடை. அண்டா, வாளி, சொம்பு எல்லாம் தளும்புகிறது.

"போதும் அத்தே."

"ரெண்டு டம்ளர் சும்மாதான கெடக்கு, எடுத்துட்டு வா!"