என் பெயருக்கு எதிரே பூஜ்யம்

ஜூன் 4
நிறுவன நிதிப் பாடத்துக்கு ஒரு நிஜக் கம்பெனியை எடுத்து, இன்றைக்கு அதன் மதிப்பு என்ன என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டுமாம். நான் எங்கே போய்த் தேடுவது? அண்ணனுடைய அட்டைப்பெட்டிக் கம்பெனிதான். வருஷக்கணக்காக அங்கே கணக்கு பார்ப்பவள் நான். பங்குதாரர் ஒருவரைச் சேர்க்கிற யோசனையில் அண்ணனும் மதிப்பு என்ன, மதிப்பு என்ன என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 19
நல்ல மதிப்பு வருகிறது. இனி வரப்போகிற லாபத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டினேன். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "உன்னைப் படிக்க வச்சது வீண் போகல" என்றார். யார் படிக்க வைத்தது? ஃபீஸுக்கு என் வளையல் போனது அவருக்கு மறந்தே போச்சு. போகட்டும்.

ஜூன் 27
மானம் போனது. மேடம் என் தாளை வகுப்புத் திரையில் போட்டு, செலவுப் பகுதியில் நிறுத்தினார்.
"கணக்கு யார் பாக்கறாங்க?"
"நான்தான் மேடம்."
"உங்க சம்பளம் எங்க?"
"சொந்த அண்ணன் கம்பெனி மேடம். சம்பளம்லாம் கிடையாது."
பின்வரிசையில் சிரிப்பு. மேடம் சிரிக்கவில்லை. "வெளியில போனா என்ன வாங்குவீங்களோ அதைப் போடுங்க. கையில வாங்கலைன்னாலும் அது செலவுதான்."
வாய்ப்புச் செலவு. பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். சீ.

ஜூன் 28
என் பெயருக்கு எதிரே இருந்த பூஜ்யத்தை அழித்துவிட்டு, வெளியில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றிய ஒரு தொகையைப் போட்டேன். லாபம் காணாமல் போய்விட்டது. இத்தனை வருஷமாக அண்ணனின் சாமர்த்தியம் என்று வீடே கொண்டாடியது என் சம்பளத்தை.

ஜூலை 2
அண்ணனிடம் காட்டினேன். இனிமேலாவது சம்பளம் வேண்டும் என்று வாய் விட்டுக் கேட்டேன்.
"வீட்டுப் பொண்ணுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா? நீ இங்க சாப்பிடறதுக்கு நாங்க கணக்கு எழுதறோமா?"
அண்ணி, "அவ கேக்கறதுல என்ன தப்பு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.
"பங்குதாரர் பாக்கறதுக்குள்ள உன் சம்பளம் போட்ட அந்த வரியை எடுத்துடு. நீ எங்க போகப்போற?" என்றார் அண்ணன்.

ஜூலை 3
தூக்கமே இல்லை. நான் எங்கே போகப்போகிறேன்? நல்ல கேள்விதான். கம்பெனி என்றென்றைக்கும் ஓடும் என்று வைத்துக்கொண்டுதான் மதிப்பே போடுகிறோம். அப்போ கூடவே நானும் ஓடணும். சும்மா. சாகிற வரைக்கும்.

ஜூலை 9
வரியை எடுக்கவில்லை. தாளை அப்படியே பங்குதாரருக்கு அனுப்பினேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

ஆகஸ்ட் 1
உதிரிபாக மொத்த வியாபாரக் கடையில் கணக்காளர் வேலை. தங்க மாடியில் ஒரு அறை, பொதுக் குழாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கியபோது அண்ணன் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

செப்டம்பர் 14
அண்ணன் போன். நலம் விசாரிக்கவில்லை.
"கணக்குக்கு ஆள் தேடித் தேடி அலுத்துப்போச்சு. நீ அந்தத் தாள்ல போட்டதுக்கு ரெண்டு மடங்கு கேக்கறாங்க. என்ன படிச்சியோ, தப்புத்தப்பா போட்டு வச்சிருக்க."
"ஆமாண்ணா, தப்பாத்தான் போட்டுட்டேன்" என்றேன்.
இந்தக் கடையில் சேரும்போது, எவ்வளவு எதிர்பார்க்கறீங்க என்று முதலாளி கேட்டார். நான் அதே தொகையைத்தான் சொன்னேன். மனுஷன் பேரமே பேசாமல் சரி என்றார்.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.