அரிசிக்குள்ளை ஒளிச்ச படம்

செவ்வாய், 11 நவம்பர் 2014

லிபெர்த்தாப் பகுதியிலை நான் வீட்டோடை நிண்டு பாக்கிற சின்யோரா, வயசான இத்தாலிக்கார அம்மா, முந்தி ரீச்சர், ஆசிரியர் சங்கத்துக்காரி. பள்ளிக்கூடங்களிலை கொம்யூனிஸ்ட்டுகளைத் தேடி விசாரிச்ச காலத்திலை சங்கம் போட்ட கேலிச்சித்திரம் ஒண்டு முன் அறையிலை தொங்குது. ஒரு அதிகாரி பூதக்கண்ணாடியோடை ரீச்சரின்ரை மேசைக்குக் கீழை தேடுறார். ஆப்பிட்டது ஒரு சிவப்புப் பென்சில்.

இண்டைக்குக் கமராவோடை ஒராள் வந்து, "சங்கத்துப் படம் எங்கை?" எண்டு கேட்டார். சின்யோரா குளிச்சுக்கொண்டு நிண்டவ. அந்தாளை வெளியிலை விட்டுக் கதவைச் சாத்திப்போட்டுப் படத்தைக் கழட்டி அரிசி வாளிக்குள்ளை ஒளிச்சிட்டன். வன்னியிலை ஆமி தேடி வரேக்கை அப்பிடித்தான் செய்தனாங்கள்.

சின்யோரா வந்து சிரிச்சா. கண்காட்சிக்கெண்டு அவதான் அந்தாளைக் கூப்பிட்டவவாம். "அந்த விசாரணையிலை என்னைக் காட்டிக்குடுத்தது என்னோடை இருந்து சாப்பிட்ட ரீச்சர். இப்ப அந்தப் பயமெல்லாம் இல்லை" எண்டா.

அரிசியைத் தட்டிப்போட்டுப் படத்தைக் குடுத்தன். அதைக் கமராவிலை எடுத்து முடிய, நான் எந்த ஊர், எங்கடை தமிழ்ச்சனம் எங்கை கூடுறது எண்டு அந்தாள் கேட்டார். கேலிச்சித்திரம் எடுக்க வந்தவருக்கு அது என்னத்துக்கு?

போகேக்கை என்னையும் ஒரு படம் எடுத்தார். சின்யோரா சிரிக்கச் சொன்னா, சிரிச்சன். அந்தப் படத்தை எந்த அரிசிக்குள்ளை ஒளிக்கிறது?