தலைகீழாய் வைத்துத் தைத்த நாலு பக்கம்

ஜூன் 12

அண்ணா,

இந்த விடுமுறைக்கும் நான் வீட்டுக்கு வரவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். இருந்தால் கடிதத்தில் திட்டு, போனில் வேண்டாம். போனில் நம் பேச்சுதான் என்ன? "சாப்டியா?" "சாப்டேன்." "சரி, வெச்சிடு." லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர்களை வாய்க்குப் பூட்டுப் போட்டுத்தான் வேலைக்கு எடுப்பார்கள் போலிருக்கிறது. எழுத்தில் மட்டும் நீ நன்றாகப் பேசுகிறாய்.

கல்லூரி விடுதி காலியாகக் கிடக்கிறது. என் அறைத்தோழி படிப்பே வேண்டாம் என்று போய்விட்டாள். அவள் கட்டிலில் இப்போது என் துணிச் சுருள்கள் படுத்திருக்கின்றன. நேற்று முழுக்க நான் பேசியது ஒரே ஒரு வார்த்தை. கடைக்காரர் "என்ன நூல்?" என்றார். "கறுப்பு" என்றேன். அவ்வளவுதான், நாள் முடிந்துவிட்டது.

ஓவிய ஆசிரியைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஊசி மேடம். பேச்சு அப்படி. என் கோட்டுச் சித்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கோடெல்லாம் இஸ்திரி போட்டு வெச்சிருக்கே. உயிர் எங்கம்மா?" என்றார். எல்லோர் முன்னாலும். அன்றையிலிருந்து விதவிதமாகச் செய்து பார்க்கிறேன். தாளைப் பார்க்காமல் வரைகிறேன். இடது கையால் வரைகிறேன். துணியில் கரியால் வரைந்து, அது அழிவதற்குள் அதன் மேலேயே ஓட்டுத் தையல் போடுகிறேன். தடித்த நூலைக் கோடு மாதிரி படுக்கவைத்து, மெல்லிய நூலால் அங்கங்கே கட்டிப் பிடிக்கிறேன். விரலில் பதினெட்டுக் குத்து. கோடு மட்டும் இஸ்திரி கலையாமல் சமர்த்தாக இருக்கிறது.

அக்டோபரில் கண்காட்சி. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு எனக்கு இங்கே இடமில்லை.

அண்ணிக்கு என் அன்பு. பாப்பாவுக்குப் பல் விழுந்துவிட்டதா?

உன் சுண்டெலி


ஜூன் 23

சுண்டெலிக்கு,

கோபமெல்லாம் இல்லை. இருந்தாலும் உன்னிடம் அது செல்லுபடியாகப் போகிறதா என்ன?

இந்த வாரம் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் பெரியவர் ஒருவர் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். மேல்பக்கமாகத் தலையை விட்டு, "பயப்படாதீங்க ஐயா, இதோ ஆச்சு" என்றேன். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லப்பா. நீ பேசிக்கிட்டே செய்" என்றார். மகன் வேலை பார்க்கும் இடம், மருமகள் கோபம், முழங்கால் வலி, எல்லாம் சொன்னார். கதவு திறந்த பிறகும் இறங்க மனசில்லாமல் நின்றார். நானும் அவசரப்படுத்தவில்லை.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் போய்விட்டன.

ஊசி மேடத்தை ஒரு நாள் என் லிஃப்டில் ஏற்றிவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

உன் அண்ணன்


ஜூலை 9

அண்ணா, என் தங்க அண்ணா!

கிடைத்துவிட்டது! உயிருள்ள கோடு யாரிடம் இருக்கிறது தெரியுமா? உன்னிடம்!

உன் கடிதம் மேசையில் தலைகீழாகக் கிடந்தது. தேநீர் எடுக்கத் திரும்பியபோது பார்த்தேன். எழுத்தாகவே தெரியவில்லை. மேலே ஏறி, சறுக்கி, தயங்கி, மறுபடியும் ஓடுகிற கோடுகள். உடனே தலையணை உறையில் பத்து வரியை அப்படியே தைத்தேன். ஊசி மேடம் பார்த்தார். ஒரு வரியை விரலால் தடவினார். பிறகு, "இது யார் கை?" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இது ஓர் ஓவிய உத்திதானாம். ஒரு படத்தைத் தலைகீழாக வைத்து வரைந்தால் மூக்கு, கண் என்று மனசு குறுக்கே பேசாது, கை கோட்டை மட்டும் பார்க்கும். எழுத்துக்கும் அப்படித்தான். படித்துவிட்டால் போச்சு. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடும், கை தானாக இஸ்திரி போட ஆரம்பித்துவிடும்.

ஆகவே எனக்கு உன்னிடமிருந்து நாலு பக்கம் வேண்டும். கண்காட்சிக்கு ஒரு படுக்கை விரிப்பு அளவுக்குப் பெரிதாக்கித் தைக்கப் போகிறேன். எதை வேண்டுமானாலும் எழுது. ஸ்க்ரூ டிரைவர் கணக்கை எழுது, யாரையாவது திட்டி எழுது, எனக்கு ஒன்றுதான். நான் ஒரு சொல்கூடப் படிக்க மாட்டேன், முடித்த பிறகும் படிக்க மாட்டேன். மாட்டுவதும் தலைகீழாகத்தான். வீட்டு விஷயம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் தனித்தாளில் எழுதி மேலே வை.

சீக்கிரம் அனுப்பு, ப்ளீஸ்.

சுண்டெலி


ஜூலை 28

(தனித்தாள்)

சுண்டெலிக்கு,

நீ கேட்ட நாலு பக்கமும் உள்ளே இருக்கிறது. வீட்டில் எல்லோரும் நலம். அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

(நாலு பக்கம்)

என்ன எழுதுவது என்று பத்து நாளாக யோசித்தேன். என்ன எழுதினாலும் நீ படிக்கப் போவதில்லை. அதனால் இன்றைக்குக் கை கூசவில்லை.

உன் அண்ணி போய் ஐந்து மாதம் ஆகிறது. பாப்பாவையும் அழைத்துக்கொண்டு அவள் அக்கா வீட்டோடு போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் இருந்திருப்பாளோ என்னவோ. "உங்ககூட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கு. தனியாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தேன். சே, என்ன மனுஷன் நான்! பாப்பாவின் பல் விழுந்ததை போனில் வந்த படத்தில்தான் பார்த்தேன்.

வேலை விட்டு வந்ததும் டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டில் ஒரு குரல் இருந்தால் போதும் என்று இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், "வீட்ல யாரையும் காணோமே?" என்றார். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன். ஐந்து மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

போன வாரம் ஒரு கட்டடத்தில் லிஃப்டைச் சரிசெய்து முடித்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். போக வேண்டிய இடம் என்று ஒன்றும் தோன்றவில்லை. கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள், லிஃப்ட் இறங்கியது, நானும் இறங்கினேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. அதில்தான் கொஞ்சம் பயந்துவிட்டேன்.

ஆகஸ்ட் இருபதிலிருந்து பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே வந்து உன் பக்கத்தில் கொஞ்ச நாள் இருக்கட்டுமா? விடுதிக்குள் விடமாட்டார்கள், தெரியும். வெளியில் எங்காவது ஓர் அறை எடுத்துக்கொள்கிறேன். நீ தைத்துக்கொண்டிரு, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பேசக்கூட வேண்டாம். "வா" என்று ஒரு வரி எழுதினால் கிளம்பிவிடுவேன். அழைக்காமல் வந்து நிற்க எனக்குத் தைரியமில்லை. எல்லோருக்கும் நான் பாரமாகத்தான் இருக்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நீ இதைப் படிக்க மாட்டாய். தப்பித்தவறிப் படித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். நாலு பக்கம் ஆகிவிட்டது, நிறுத்துகிறேன்.


ஆகஸ்ட் 21

அண்ணா,

அடேயப்பா, என்ன கை உன் கை! சொன்னபடியே செய்தேன். உறையைப் பிரித்ததும் தனித்தாளை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு, மற்றதைத் தலைகீழாகச் சுவரில் ஒட்டிவிட்டேன். சத்தியமாக ஒரு வரி படிக்கவில்லை. சொல் மாதிரி ஏதாவது கண்ணில் பட வந்தால் சட்டென்று கண்ணை எடுத்துவிடுகிறேன்.

இரண்டு பக்கம் முடிந்தது, மூன்றாவதில் இருக்கிறேன். அந்த மூன்றாம் பக்கம் இருக்கிறதே, அழகு! அதுவரை ஒழுங்காக வந்த கோடு அங்கே தளர்ந்து, சில இடத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுந்தியிருக்கிறது. பேனா மாற்றினாயா? அழுந்தின இடத்துக்கு இரட்டை நூல் போடுகிறேன். நேற்று ஒரே ஒரு சொல்லை மூன்று முறை பிரித்துத் தைத்தேன், ஓர் எழுத்தின் மூலை உன்னுடையது மாதிரி வரவில்லை என்று. ஊசி மேடம் தினமும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

யாரோடும் பேசாவிட்டாலும் இப்போது எனக்குத் தனியாக இருப்பதாகவே தெரியவில்லை. நாள் பூராவும் உன்னோடுதான் இருக்கிறேன். இன்னும் நாலு பக்கம் அனுப்புவாயா?

சுண்டெலி


செப்டம்பர் 4

சுண்டெலிக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை நன்றாக நடப்பதில் சந்தோஷம். இங்கே வேலை அதிகம், இப்போதைக்கு வேறு பக்கம் எழுத நேரம் இல்லை. எல்லோரும் நலம்.

அண்ணன்


அக்டோபர் 7

அண்ணா,

படித்துவிட்டேன். நேற்று, கண்காட்சிக் கூடத்தில், இருபது பேருக்கு நடுவில் நின்று படித்தேன்.

துணியைத் தலைகீழாக மாட்டச் சொல்லி ஆசாரியிடம் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் நேராகத் தொங்குகிறது. ஓடிப்போய்ச் சண்டை பிடித்தேன். "எழுத்தை யாராச்சும் தலைகீழா மாட்டுவாங்களாம்மா? அப்புறம் ஜனங்க எப்படிப் படிப்பாங்க?" என்றார். அவர் சரியாகத்தான் சொன்னார்.

கூடம் பெருக்குகிற அம்மா துடைப்பத்தைக் கையில் வைத்தபடி துணி முன்னால் நின்றுகொண்டிருந்தார். எழுத்துக் கூட்டி, வாயசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என்னிடம் திரும்பி, "யாரும்மா இவரு?" என்றார். "எங்க அண்ணன்" என்றேன் பெருமையாக. "பாவம்மா. வரச் சொல்லிட்டீங்கல்ல?" என்றார்.

அப்புறம்தான் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மூன்று முறை பிரித்துத் தைத்தேன் என்று எழுதினேனே, அந்தச் சொல் 'இருக்கட்டுமா'. அண்ணா, நீ கேட்ட கேள்வியை என் கையாலேயே மூன்று முறை பிரித்தேன். என்னை நான் என்ன செய்துகொள்வது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் எனக்கே ஆகாது. படித்த உடனே துணியை இறக்கவில்லை. தேர்வாளர் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. மூன்று மணி வரை ஓரமாக நின்றேன், எல்லோரும் உன்னைப் படித்தார்கள், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வந்தார், கை குலுக்கினார். தேறிவிட்டேன். அதற்குப் பிறகுதான் இறக்கினேன்.

போன் செய்தேன். "டூட்டில இருக்கேன், எல்லாம் நல்லாருக்கேன், வெச்சிடு" என்றாய். அண்ணி பெயரை எடுப்பதற்குள் வைத்துவிட்டாய். திட்டியிருக்கலாமே.

வா அண்ணா. இல்லை, நீ வர வேண்டாம், நான் வரட்டுமா? உன் பக்கத்தில் வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா? எழுது.

சுண்டெலி


அக்டோபர் 13

சுண்டெலிக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. 'வரட்டுமா' என்று எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் சாப்பிடாமல்கூட உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குக் கோபம்தான். ஊரே படித்ததற்கு இல்லை. அந்தப் பெருக்குகிற அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல், அவர் கேட்ட மாதிரி என்னைப் பற்றி இத்தனை மாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை. துணியை மூன்று மணி வரை இறக்காமல் விட்டதற்கும் இல்லை. இறக்கி, தேறாமல் போயிருந்தால்தான் உதைத்திருப்பேன். நீ படிக்காமல் இருந்ததற்குத்தான் கோபம். படிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் நான் எழுதினேன், நியாயம் பார்த்தால் உன் மேல் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் கோபம் வருகிறது. நியாயம் பார்த்துக்கொண்டா வருகிறது அது?

விடுப்பு பத்து நாளும் வீட்டில்தான் இருந்தேன். பை கட்டி வைத்திருந்தேன். தபால்காரர் வருகிற நேரத்துக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். "என்ன சார், தினம் எங்க கிளம்பறீங்க?" என்று கேலி செய்தார். ஐந்தாம் நாள் உன் கடிதம் வந்தது. மூன்றாம் பக்கம் அழகு என்று எழுதியிருந்தாய். எங்காவது 'வா' இருக்கிறதா என்று நாலு தடவை படித்தேன், உறைக்குள்ளும் பார்த்தேன். பிறகு பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினேன்.

இனி உனக்குக் கடிதம் எழுத மாட்டேன். எழுத உட்கார்ந்தால் இது அவளுக்குச் சொல்லாகத் தெரியுமா, கோடாகத் தெரியுமா என்று யோசனை ஓடுகிறது. இந்தத் தாளிலேயே கை நடுங்காமல் இருக்கப் பார்க்கிறேன், உனக்கு அழகாகத் தெரிந்துவிடக் கூடாதே என்று. அண்ணன் தங்கைக்கு எழுதுகிற லட்சணமா இது?

சனி, ஞாயிறு எனக்கு வேலை இல்லை. காலைப் பஸ்ஸில் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். இரண்டு பேருக்குச் சமைத்து வைப்பேன். வந்தால் சாப்பிடலாம், வரவில்லை என்றால் இராத்திரிக்கும் அதையே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

பதில் மட்டும் எழுதாதே. இன்னொரு தடவை தபால்காரருக்காக என்னால் வாசலில் நிற்க முடியாது.

அண்ணன்