பந்தல் விழ வாளாவிருந்த இளவேட்டனுக்கு முத்திரை கோரிய ஓலை

செம்மை பெருகுக. செம்பாறை நாட்டை வெயிலிலும் மழையிலும் விடாது காக்கும் மழைவளக்கோன் திருவாணையால், கல் சுமந்த தோளோடு அரசவையில் அமர்ந்த கற்பணி அமைச்சர் கோடனார், தாழைக்கரைக் கலைச்சாலையில் பணித்தலைமைத் தேர்வு நடத்தும் பேராசான் நெடுமொழியார்க்கு விடுக்கும் ஓலை. உமது ஊர் ஏரி நிறைக; உமது கழனி விளைக; உமது இடுப்பு எலும்பு விரைந்து கூடுக.

பேராற்றில் எழுந்துவரும் பாலத்தின் பணி மேலாள் இளவேட்டன், உமது தேர்வில் வென்று முத்திரை பெற்றால்தான் அப்பணியில் நீடிப்பான். தவறினால் பாலம் அரசர்தம் மைத்துனர் பொன்னணியார் கைக்குப் போகும். பொன்னணியார் முத்திரை பெற்றவர்தாம். ஆயினும் அவர் எழுப்பிய நெற்களஞ்சியத்தில் எலிகூடச் சாய்ந்துதான் நடக்கிறது.

இளவேட்டன் இருமுறை தோற்றான். சாரக்கயிறு அவிழ்ந்தால் முதற்கண் செய்வது யாது என்று நீவிர் வினவ, ஓடிப்போய்க் கயிற்றைப் பிடிப்பேன் என்று இருமுறையும் எழுதினான். மண் சுமந்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? உமது பாடநூலோ, முதலில் பணிக்கு உரியோர் அனைவரையும் கூட்டுக, பின்பு இடரை ஏட்டில் பதிக, அதன்பின் ஆராய்க என்கிறது.

ஆகவே மூன்றாம் தேர்வுக்கு அவன் மனையாள் வேம்பி அவனைப் பழக்கினாள். கஞ்சி பொங்கும்போது அவன் கை பானைக்கு நீண்டால் அகப்பையால் ஒன்று வைப்பாள். "யாரைக் கேட்டு இறக்குறீரு? முதல்ல கூட்டத்தைக் கூட்டும்!" என்பாள். மாடு அறுத்துக்கொண்டு ஓடினால், மாமனாரையும் மச்சானையும் அழைத்து வட்டமாய் உட்காரவைத்து ஆராய்வான். மாடு அதற்குள் பக்கத்து ஊர்ச் சந்தையை எட்டிவிடும். வீடெல்லாம் தீய்ந்த கஞ்சி வாடை. ஆயினும் வேம்பிக்கு நம்பிக்கை பிறந்தது.

தேர்வு நாளில் காற்றடித்தது. நீவிர் வீற்றிருந்த பந்தலின் கயிறு இளவேட்டன் முழங்கைக்கு அருகிலேயே அவிழ்ந்தது. கை துடித்தது, அகப்பை நினைவுக்கு வந்தது. இதுவும் தேர்வின் ஒரு வினாவே என்று தெளிந்தவன், இரு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு அமர்ந்தான். பந்தல் உம்மேல் இறங்கியது. "கயித்தைப் பிடிடா, பாவி!" என்று கீற்றுக்கடியிலிருந்து நீவிர் அலறினீர். அவன் எழுந்து கைகட்டி, "ஐயா, அந்த விடையைத்தானே ரெண்டு தடவை தப்புன்னீரு" என்று பணிவோடு உரைத்து, தேர்வெழுத வந்தோரையெல்லாம் கூட்டினான். இடரையும் முறைப்படி பதிந்தான்: "பந்தல் விழுந்தது. அடியில் பேராசான். மேலும் ஆராயப்படும்."

அதற்காக அவனை மூடன் என்று முத்திரை மறுத்தீராம். அவன் இப்போது பாலத்தின் அரைத்தூணில் சாய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறான். மழையோ மலையுச்சிக்கு வந்துவிட்டது.

இதை அவையில் உரைத்தபோது மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பின் தீர்ப்பளித்தார். உமது நூல் சரியெனில் இளவேட்டனுக்கு முத்திரை தருக. நூல் பிழையெனில், அதை வரி பிசகாது ஒப்பித்து வென்ற பொன்னணியாரின் முத்திரையைத் திரும்பப் பெறுக. இரண்டில் எதுவானாலும் பாலம் நிற்கும்.

விடை பெறும்வரை தூதன் உமது கட்டிலருகே நிற்பான். அவனுக்குச் சோறு குறையாது இடுக. அரக்கு உருக்கி, அரச இலச்சினை பதித்து விடுத்தோம். ஓலை கண்டதும் செய்க. கூட்டம் கூட்ட வேண்டா.