பத்துக்கு எத்தனை

அன்புள்ள மருமகனுக்கு,

ஏணியிலிருந்து விழுந்த அன்றே, மூன்று மாதத்தில் மறுபடி ஏறுவேன் என்று இந்த மாமன் சொன்னானா இல்லையா? இன்று பயிற்சி அறையில் ஏழு படி ஏறினேன். டாக்டர் கை தட்டினார்.

பயிற்சி கொடுக்கும் பெண் தினமும், "வலி பத்துக்கு எத்தனை?" என்பாள். நான் பூஜ்யம் என்பேன். அதை நம்பி அவளும் டாக்டரும் கலந்து பேசி, பயிற்சிக்குக் காலில் கட்டும் எடையைக் கூட்டினார்கள். முழங்கால் பூசணிக்காயாக வீங்கி, இரண்டு வாரம் வீண்.

"உங்க காலுக்குத்தான் என்னால பயிற்சி குடுக்க முடியும், உங்க பெருமைக்கு முடியாது சார்" என்றாள்.

பெயிண்ட் வேலைக்கு வேறு ஆளைச் சேர்த்துவிடாதே. என் ஏணி அங்கேயே இருக்கட்டும்.

ஏழு படி என்றது கப்சா. மூன்றுதான். வலி எத்தனை என்றாள். ஆறு என்று உண்மையைச் சொன்னேன். குறித்துக்கொண்டு, "சரி, நாளைக்கு நாலாவது படி" என்றாள்.

இப்படிக்கு,
ஏறப்போகும் மாமன்